நான்கு என்று சொன்ன மூன்று

ரிப்போர்ட்டில் நான்கு என்றுதான் இருந்தது. மூன்று நாட்களில் இருபத்தாறு முறை எடுத்துப் பார்த்துவிட்டாள் இலக்கியா. 'டிரைவர் பதிப்பு: நான்கு.' பொய் சொல்கிற மனிதனாக இருந்தால் இருபத்தாறு முறை கேட்டதில் ஒரு முறையாவது நாக்குக் குழறியிருக்கும். இதற்கு நாக்கும் இல்லை, குழறலும் இல்லை.

உதவி எண்ணில் வந்த குரலும் அப்படித்தான்.

"ரிப்போர்ட்ல நாலுன்னு வருதுங்களா மேடம்?"

"வருதுங்க. ஆனா அந்த ரிப்போர்ட்டையே நம்ப முடியலைன்னுதான்..."

"நாலுன்னு வந்தா நாலுதான் மேடம். புகாரை முடிச்சு வெச்சர்றேன். வேற எதாச்சும் உதவி வேணுங்களா?"

ஒன்பதாவது முறையாகப் புகார் முடித்துவைக்கப்பட்டது. வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். நினைவுக் கிடங்கின் பழைய வாசலை வெள்ளிக்கிழமை உச்சிக்கு மூடிவிடுவார்கள். இலக்கியா போனை மேசைமேல் வைத்த வேகத்தில் அது சறுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஜோடிப் பாதங்கள் தெரிந்தன. காலையிலிருந்து காத்திருக்கிற பாதங்கள்.

பூபதியும் கோகிலாவும்.

பூபதி நிட்டிங் மெஷின் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் மெஷின்மேல் ஏறி வேலை செய்கையில் தவறி விழுந்தார். மண்டையில் அடி. அதற்கு முந்தைய நினைவுகள் அவர் தலைக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. புதிதாக மட்டும் எதுவும் தங்கவில்லை. காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருவி வைத்தார்கள். அவர் பார்ப்பதையும் கேட்பதையும் அது எங்கோ தொலைவில் இருக்கிற நினைவுக் கிடங்குக்கு அனுப்பும். அவர் நினைத்துப் பார்க்கும்போது அங்கிருந்து எடுத்து வந்து கொடுக்கும். விபத்துக்குப் பின் பிறந்தவள் அவர் மகள் மகிழ். இரண்டு வயது. அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அத்தனையும் கிடங்கில்தான் இருந்தது.

திருப்பூர் நினைவுத் துணை நிலையத்தில் அவரைப் போல நாற்பத்தொரு பேர் பதிவு. மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் இரண்டாம் மாடிதான் நிலையம். மழைக்காலத்தில் இன்னும் சாய வாடை அடிக்கும். கருவிகளைச் சோதிப்பது இலக்கியாவின் வேலை. வாரத்தில் மூன்று மாலை பாலிடெக்னிக்கில் வகுப்பு. வகுப்புக்கு வாங்கிய நோட்டையே இங்கும் வைத்துக்கொண்டாள். இடது பக்கத்தில் தெரிந்தது, வலது பக்கத்தில் தெரியாதது. எப்போதும் வலது பக்கம்தான் முதலில் நிறையும்.

"என்னவாம் அம்மிணி?" என்றாள் கோகிலா.

"நாலுதான்னு சொல்றாங்க்கா."

"சித்த எனக்குப் புரியறாப்பல சொல்லு. டிரைவருன்னா ஆரு? லாரி ஓட்றவனாட்டமா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். அண்ணன் ஒண்ணை நெனச்சா, கிடங்குக்குப் போயி எடுத்துட்டு வந்து குடுக்கற புரோகிராம். அதுல பழசு மூணு, புதுசு நாலு. நாளைக்கு மத்தியானத்தோட மூணு போற வாசலை மூடிருவாங்க."

"மூடுனா?"

"மூணுல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே வராது. அன்னைக்கி ஒரு நாளு லைன் கட்டாச்சே, அதாட்டம். ஆனா திரும்பி வராது."

கோகிலாவின் முகம் மாறியது. அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்திருக்கக் கூடாது என்று இலக்கியாவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

"அப்ப எல்லாரையும் நாலுக்கு மாத்தி உட்ர வேண்டீதுதான? இதுக்கு எதுக்கு மூணு நாளா அலைய உடறீங்க?" என்றார் பூபதி.

"ஏற்கெனவே நாலுல இருந்தீங்கன்னா, எடுக்கற எடமும் வெக்கற எடமும் ஒண்ணாப் போயிரும்ணா. வெக்கற எடத்தை முதல்ல சுத்தமாத் தொடச்சுட்டுத்தான் எழுதும். தொடச்சதுக்கப்பறம் எடுக்கறதுக்கு என்ன இருக்கும்?"

"நகல் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமில்ல?"

"ஒருத்தர் நெனப்பை இன்னொரு எடத்துல நகல் வெச்சா ஜெயிலுங்கண்ணா."

"மாத்துனாலும் போச்சு, மாத்தலைன்னாலும் போச்சு" என்றார் பூபதி. "நல்லா இருக்குது உங்க கம்பெனி."

ரிப்போர்ட் ஏன் பொய் சொல்லும் என்பதற்கு இலக்கியாவிடம் ஒரு ஊகம்தான் இருந்தது. போன வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இந்தத் தேதிக்குள் மூன்று என்று ஒன்றுகூடப் பட்டியலில் இருக்கக் கூடாது. நாற்பத்தொரு பேரையும் உட்காரவைத்து மாற்ற வேண்டிய வேலை. எல்லோரையும் மாற்றி முடித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் தேதி வந்தபோது பட்டியலில் மூன்றே இல்லை. எங்கேயோ ஒருவர், டிரைவரை மாற்றுவதற்குப் பதில், 'கேட்டால் நான்கு என்று சொல்' என்று மூன்றுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அடையாளம் என்று பார்த்தால், ஒவ்வொரு பதிவிலும் குறித்திருக்கும் நேரத்தின் நொடிகள்தான். நான்காம் பதிப்பு நொடியைச் சரியாகக் குறிக்கும். மூன்றாம் பதிப்பு இரண்டிரண்டாகத்தான் எண்ணும். பூபதியின் பதிவுகளில் நானூற்றுப் பன்னிரண்டை இலக்கியா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில்கூட ஒற்றைப்படை நொடி இல்லை. இதை மேற்பார்வையாளர் கதிர்வேலிடம் காட்டியபோது அவர், "நானூத்திப் பன்னெண்டையும் எண்ணுனியா? சாப்பிட்டியா இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. வலது பக்கத்தில் தானே எழுதியும் வைத்திருந்தாள்: 'கருவி பழசு. அதன் கடிகாரமே இரட்டையில் ஓடலாம். அப்படியானால் இது சான்று இல்லை.' நாற்பத்தொரு பேரில் பதினேழு பேருக்கு நொடிகள் இப்படி இருந்தன.

உறுதியாகக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான். அதுவும் மாலை வகுப்பில், 'இது பரீட்சைக்கு வராது' என்று வாத்தியார் புரட்டிவிட்டுப் போன இரண்டு பக்கத்தில் இருந்தது.

ஒரு நினைவை ஒருவர் மனதில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அதை அழிக்கச் சொல்ல வேண்டும். நான்காக இருந்தால், யார் எதைப் பிடித்திருக்கிறார் என்று கிடங்குக்குத் தெரியும். 'பயன்பாட்டில் உள்ளது, அழிக்க முடியாது' என்று மறுத்துவிடும். நினைவுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாக இருந்தால் கிடங்குக்கு அது தெரியாது. 'அழிக்கப்பட்டது' என்று சொல்லிவிடும். டிரைவர் மட்டும் அந்த நினைவின் பெயரைக் கிழித்துவிட்டு, பெயரில்லாத துண்டாக ஒளித்துவைத்திருக்கும். பிடி விட்டதும் அதையும் அழித்துவிடும்.

நான்கு என்றால் செலவில்லை. மூன்று என்றால் ஒரு நினைவு போகும்.

புதன்கிழமை, முடிவெட்டிக்கொண்ட ஒரு நினைவை வைத்துப் பார்த்தார்கள். உத்தரவு கிடங்குக்குப் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆகும். நினைவைப் பிடித்திருக்கும்வரை திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஒரு நிமிடம் பத்து நொடியில் அணைந்துவிட்டது.

"கத்தரி சத்தத்தையே எத்தனை நேரமுங்க நெனச்சுட்டிருக்கறது?" என்றார் பூபதி. "கடைக்காரன் கல்யாணத்துக்குக் கூப்புட்டான், மனசு அங்க போயிருச்சு."

இன்று காலை அந்தக் கல்யாணச் சாப்பாட்டை வைத்துப் பார்த்தார்கள். பாயசம்வரை நன்றாகத்தான் போனார். பிறகு புள்ளி அணைந்தது. பிடி விட்ட பிறகு அழித்தால் மூன்றும் நான்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஒரு முடிவெட்டும் ஒரு விருந்தும் வீணாகப் போனதுதான் மிச்சம்.

"அவருக்கு விட முடியாததா ஒண்ணு வேணும்" என்று இலக்கியா மெல்லச் சொன்னாள். சொல்லும்போதே தன்மேல் எரிச்சல் வந்தது. மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி இந்த வாக்கியத்திடம்தான் வந்து நின்றிருக்கிறாள்.

"பாப்பா பொறந்த நாளைக் கேக்காத அம்மிணி" என்றாள் கோகிலா. "அதைத் தர மாட்டேன்."

"இல்லீங்க்கா."

சுவரில் மின்விசிறி கடகடத்தது. கோகிலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"லைன் கட்டான நாளை எடுத்துக்க" என்றாள். "அதை அவுரு விடவே மாட்டாரு. சண்டைன்னு வந்தா முதல்ல அதுதான் வரும். 'அன்னைக்கி உட்டுட்டுப் போனவதான நீ'ம்பாரு. எத்தனை தடவை! அதைத் தொடச்சு உட்டா எனக்கும் நிம்மதி."

பூபதி சட்டென்று நிமிர்ந்தார். "அது வேண்டாம் கோகிலா."

"ஏன்? அப்பறம் எதை வெச்சுக் குத்திக்காட்றதுன்னா?"

 பூபதி உள்ளங்கையைப் பார்த்தார். கோகிலா உண்மையில் சோதனைக்காகத்தான் கேட்கிறாளா, தனக்காகக் கேட்கிறாளா என்று இலக்கியாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. எதுவானாலும் அந்த நினைவு அவருடையது. அவர் வாயால் 'அழி' என்று சொல்லாமல் எதுவும் நடக்காது, சட்டம் அப்படி.

"நாலா இருந்தா ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டார் பூபதி.

"ஆகாதுங்கண்ணா."

"மூணா இருந்து, நாம பாக்காம உட்டுட்டோம்னா, நாளைக்கு மத்தியானம் பாப்பா ஆருன்னு கேப்பேன்."

"ஆமாங்கண்ணா."

"அப்ப எடுத்துக்குங்க."

அவர் கண்ணை மூடினார். அடுத்த நொடியே புள்ளி பச்சையாக எரிந்தது, அசையாமல். "அழி" என்றார். குரல் உள்ளே போய்விட்டிருந்தது. கைரேகை வைத்தார். நான்கு நிமிடம் ஓடியது. புள்ளி ஒருமுறைகூட மங்கவில்லை.

திரையில் எழுத்து வந்தது: 'அழிக்கப்பட்டது.'

மூன்று.

மூன்று நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது சரி என்றாகிவிட்டது. ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. 

"அண்ணா, விட்றாதீங்க! அப்படியே புடிச்சுக்கோங்க!" என்று கத்திவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். "சார், பூபதியண்ணன் மூணுல இருக்காரு. இப்பவே மாத்தோணும். பெருவிரல் வையுங்க."

கதிர்வேல் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த கையோடு இருந்தார். "ரிப்போர்ட்ல நாலுன்னு..."

"புள்ளி எரியுது, அழிச்சாச்சுன்னும் வருது. நாலுல இந்த ரெண்டும் சேந்து வரவே வராது சார். வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். திரையைப் பார்த்தார், பூபதியின் மூடிய கண்களைப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்தார். "கேட்டா, ரிப்போர்ட்டைப் பாக்காமலேயே கைநாட்டு வெச்சுட்டேன்னு சொல்லிக்கறேன். அதைன்னா நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மாற்றம் முடிய நாற்பது நிமிடம். அதுவரைக்கும் பூபதி அந்த நாளை விடாமல் பிடித்திருந்தால், பெயரில்லாத துண்டாகவேனும் அதுவும் சேர்ந்து போகலாம். போகாமலும் இருக்கலாம். அந்த இரண்டு பக்கத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

"அக்கா, பேச்சுக் குடுங்க. அந்த நாளைப் பத்தியே கேளுங்க."

"நானா?" என்றாள் கோகிலா.

"வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

கோகிலா நாற்காலியை இழுத்து அவர் முழங்கால் இடிக்கிற அளவுக்கு எதிரில் போட்டாள். தொண்டையைச் செருமினாள். "அன்னைக்கி லைன் எப்ப போச்சுங்க?"

"காலைல பத்துக்கு. நான் பாப்பாவைப் பாத்து, இது ஆரு புள்ளைன்னு கேட்டேன்."

"எத்தனை தடவை?"

"ஒம்பது."

"எட்டு வரைக்கும் பதில் சொன்னேன்ல?"

"சொன்ன. ஒம்பதாவதுக்கு நீலப் பையை எடுத்துட்ட. பாப்பா உன்ற தோள் மேல. மழை பேஞ்சுட்டு இருந்துச்சு. எனக்கு அப்பவும் ஒண்ணும் தெரியல. ஆரு புள்ளையவோ தூக்கிட்டுப் போறியேன்னு பாத்துட்டு நின்னேன்."

கோகிலா உதட்டைக் கடித்தாள். நிமிடம் பதினொன்று.

"நாலு மணிக்கு லைன் வந்துச்சு" என்றார் பூபதி. "வந்ததும், அதுவரைக்கும் கருவி புடிச்சு வெச்சதுஞ் சேந்து எல்லாம் ஒட்டுக்கா வந்துச்சு. பாப்பா ஆரு, நான் என்ன கேட்டேன், நீ ஏன் போன, எல்லாம். வெளிய ஓடி வந்தேன். நீ எந்தப் பக்கம் போனேன்னு தெரியல. வீட்டுச் சாவியைக் கையில வெச்சுட்டு வாசல் கேட்டுப் பக்கத்துலயே நின்னேன்."

"மழையிலயா? இதை நீங்க சொன்னதேயில்லை."

"நீ கேட்டதில்லை."

நிமிடம் இருபத்திரண்டில் கீழே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. புள்ளி துடித்தது. பூபதியின் நெற்றி சுருங்கியது. "நூலு அந்துபோறாப்பல..." என்றார்.

"ஏனுங்க! நான் எந்த பஸ் ஏறுனேன்னு தெரியுமா?" என்றாள் கோகிலா உரக்க. பிறகு இலக்கியா பக்கம் திரும்பி, "இப்பப் பேசறது எதுவும் கிடங்குல எழுதாதுல்ல?"

"மாத்தி முடிக்கற வரைக்கும் எதுவும் எழுதாதுக்கா."

"அப்பச் சொல்றேன். தாராபுரம் பஸ்ஸு. ஏறி உக்காந்துட்டனுங்க. திரும்பி வர்ற நெனப்பே இல்லை. பக்கத்து சீட்டு அம்மா பாப்பாவைக் கொஞ்சிட்டு, 'அப்பனாட்டங்களா?'ன்னு கேட்டுச்சு. ஆமாங்கன்னு சொன்னேன். சொன்னதுக்கப்பறம் உக்கார முடியல. எறங்கிட்டேன். அடுத்த பஸ்ஸும் போச்சு. ஏறல."

பூபதியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புள்ளி மறுபடி அசையாமல் எரிந்தது. "ஆறரைக்கு வந்த" என்றார். "ரெண்டு தேங்காய் பன்னு வாங்கிட்டு வந்த. நான் வழியில நின்னுட்டு இருந்தேன். 'சித்த தள்ளுங்க, புள்ளைக்கு ஈரம் ஆகாது'ன்னு சொன்ன. அவ்வளவுதான் சொன்ன."

"அவ்வளவுதான் சொன்னனா?"

"அது போதுமா இருந்துச்சு."

கோகிலா அவர் கையைப் பிடித்தாள். "தள்ளி நின்னீங்களா?"

"நின்னேன்."

"அப்பறம்? விடாதீங்க, சொல்லுங்க. பன்னை ஆரு தின்னா?"

பன்னைத் தின்றதையே பதினாறு நிமிடம் பேசினார்கள். இலக்கியா நிமிடங்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது நிமிடம் திரை வெளுத்து, மறுபடி வந்தது. புள்ளியே இல்லை. நான்கில் புள்ளி வேறு இடத்தில் வரும் என்பது அவளுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

பூபதி கண்ணைத் திறந்தார்.

"பாப்பா பேரு என்னங்க?" என்றாள் கோகிலா உடனே.

"மகிழு. என்ன கேள்வி இது? காலைல பால் குடிக்க மாட்டேன்னு டம்ளரைத் தட்டி உட்டாளே."

கோகிலா முகத்தைத் தலைப்பில் புதைத்து எடுத்தாள். பிறகு, "அன்னைக்கி? லைன் கட்டான நாளு?" என்றாள்.

பூபதி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "சண்டைல பேசிக்கிட்டது தெரியுது. நீ விட்டுட்டுப் போனேன்னு சொல்லுவேன். ஆனா அந்த நாளு... ஒண்ணும் இல்லை கோகிலா. ஆரோ சொல்லிக் கேட்டாப்பல இருக்குது. நீ போன. அவ்வளவுதான் தெரியுது."

"வந்தது?"

"வந்திருப்ப. இப்ப இங்க இருக்கறியே."

கோகிலா எழுந்தாள். அவள் கேட்டது அப்படியே கிடைத்துவிடவில்லை. கேட்டதற்கு நேர் எதிராகக் கிடைத்திருந்தது. குத்திக்காட்டியது மிச்சம், திரும்பி வந்தது போயிற்று. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆட்டோ பாக்கறேன்" என்று சுவரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

இலக்கியா நோட்டை எடுத்தாள். பூபதி, மூன்று, மாற்றியாயிற்று. 'பிடித்திருந்த நினைவு' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

கதிர்வேல் புது ரிப்போர்ட்டை எடுத்து, காலையில் எடுத்ததோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் ஒரே வரி: 'டிரைவர் பதிப்பு: நான்கு.'

"எது எதுன்னு மேல எழுதி வெய்யும்மா. கலந்துட்டா சாமிக்கே தெரியாது." பிறகு மீதிப் பதினாறு பெயர் கொண்ட பட்டியலைப் பார்த்தார். "போன் பண்ணி என்னன்னு கேக்கறது? 'உங்களால விடவே முடியாத ஒண்ணைச் சொல்லுங்க, அதை அழிக்கோணும்'னா?"

 பதினாறு பேர், இருபத்து மூன்று மணி நேரம்கூட இல்லை.

பூபதி வாசலுக்குப் போய் நின்றிருந்தார். படிக்கட்டின் உச்சியில், வழியை முழுதாக அடைத்துக்கொண்டு. சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"உக்காருங்கண்ணா. அக்கா ஆட்டோ பாக்கத்தான் போயிருக்காங்க."

"தெரியுமுங்க அம்மிணி. வந்துருவா."

"சாவி எதுக்குண்ணா கையில?"

அவர் கையைத் திறந்து பார்த்தார். அதைத் தான் எடுத்ததே அப்போதுதான் தெரிந்ததுபோலப் பார்த்தார். "தெரியலீங்களே" என்றார். "வந்துருவா. வந்து, சித்த தள்ளுங்கன்னு சொல்லுவா."

இலக்கியா நோட்டைத் திறந்து 'இல்லை' என்பதை அடித்தாள். அந்த இடத்தில் வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. கீழே ஆட்டோ வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. பூபதி வழியை விடாமல் நின்றார்.